கம்பெனி வைத்த விசை

எந்தப் பொருள் வாங்கினாலும் அதோடு வரும் சின்னப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் நான் அதில் கை வைப்பேன். ரொட்டி சுடும் இயந்திரமானாலும் சரி, முதுகுக்கு ஒத்தடம் கொடுக்கும் மின்பையானாலும் சரி. அதைச் செய்தவர்கள் நாலு பேராவது உட்கார்ந்து யோசித்திருப்பார்கள், எங்கே விரல் நசுங்கும், எங்கே சூடு தாங்காது என்று. நமக்காக மெனக்கெட்டவர்களுக்கு நாம் கொடுக்கிற மரியாதை அது.

என் கணவர் வெர்லின் அந்தப் புத்தகத்தைக் கிழித்து அடுப்புப் பற்றவைப்பார்.

இதிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும், ரீட்டர். இந்த வழக்குக்காக நீங்கள் விசாரித்த எல்லாரும் வெர்லின் எவ்வளவு நல்லவர் என்று சொல்லியிருப்பார்கள். உண்மைதான். குடிக்கமாட்டார். என்மேல் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. பனி கொட்டினால், எங்கள் தெருவில் தனியாக இருக்கும் பெண்களின் வாசலையெல்லாம் வழித்துத் தள்ளிவிட்டுக் கடைசியாகத்தான் எங்கள் வாசலுக்கு வருவார். இந்த ஆற்றோரத்தில் அவரைப் பிடிக்காதவர் யாரும் இல்லை. எனக்கும் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் எங்கள் வீட்டுக்குள் வந்த எந்தப் பொருளும் வந்தபடி இருந்ததில்லை. துணி துவைக்கும் இயந்திரத்தின் மூடியைத் திறந்தால் அது நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடும்படி செய்தார். என் மேலங்கியின் கை அதில் சிக்கித் தோள்பட்டை வீங்கியது. பெல்ட் போடாவிட்டால் கத்தும் டிரக்கின் வாயை அடைத்தார். புல்வெட்டியில் கையை எடுத்தால் அணைந்துபோகிற பிடி ஒன்று இருக்குமே, அதைக் கம்பி போட்டுக் கட்டினார். ஒவ்வொரு தடவையும் நான் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் அவர் சொல்வது இதுதான்:

"லார்னா, கம்பெனிக்காரன் யாருக்காகச் செய்றான்? உலகத்துல இருக்கிற அத்தனை முட்டாளுக்கும் சேர்த்துச் செய்றான். நான் என்ன அவ்வளவு முட்டாளா?"

"அவ்வளவு இல்ல" என்பேன்.

விழுந்து விழுந்து சிரிப்பார். அதை அப்படியே கொண்டுபோய் தேவாலயத்து விருந்தில் சொல்வார். எனக்குக் 'கம்பெனி' என்று பேர் வைத்தது அப்படித்தான். நான் தட்டோடு மேசைக்கு வந்தால், "கம்பெனி வருதுப்பா, கைய கட்டிக்கிட்டு உக்காருங்க" என்பார். ஊரே கூப்பிட ஆரம்பித்தது. போதகர்கூட ஒரு முறை வாய் தவறிக் "கம்பெனி அம்மா" என்றுவிட்டுச் சிவந்துபோனார். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அதையும் ஒரு கதையாக்கியிருப்பார்.

மர அறுவை ஆலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் ஒரு பிஸ்டல் வாங்கினார். காட்டில் மீன் பிடிக்கப் போகும்போது இடுப்பில் இருக்கட்டும் என்றார். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. இங்கே யார் வீட்டில்தான் இல்லை. அதற்கான வகுப்புக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். வகுப்பு நடத்தியவர் போலீஸில் இருந்து வெளியே வந்த பெண்மணி, நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர். அங்கேதான் வெர்லின் கை தூக்கிக் கேட்டார், சுடும்போது விரலால் இழுக்கிற இந்த விசையை, அதாவது ட்ரிக்கரை, கொஞ்சம் இலேசாக்கினால் என்ன என்று.

அவர் பக்க நியாயத்தையும் நான் சொல்லிவிட வேண்டும். அவருடைய ஆள்காட்டி விரல் ஆலையில் ஒரு தடவை நசுங்கியது. கம்பெனி வைத்த விசை கனமாக, மணல் கலந்த மாதிரி நறநறவென்று இருக்கிறது, இழுத்து முடிப்பதற்குள் குறி கீழே போய்விடுகிறது என்றார். "தப்பிப் போற குண்டு காத்துலயா கரையும்? யாரு மேலயோதானே படும்" என்று கேட்டார். வகுப்பில் பாதிப்பேர் தலையாட்டினார்கள்.

அந்தப் பெண்மணி சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "குறிப்பலகையைச் சுடுறவங்க என்ன வேணா பண்ணிக்கட்டும். ஆனா இடுப்புல வச்சுக்கிட்டு நடமாடுற துப்பாக்கியில கம்பெனி வச்சதை அப்படியே விடுங்க. விசையோட கனம் உங்களை ஒரு கேள்வி கேக்குது. நிஜமாவே சுடப் போறியான்னு. அதைக் குறைச்சா, அந்தக் கேள்விய கேக்குறதுக்கு ஆள் இல்ல." நாளைக்கு ஏதாவது நடந்து நீதிமன்றத்தில் நின்றால், கொல்வதைச் சுலபமாக்கிக்கொண்ட ஆள் என்று எதிர்வக்கீல் உங்களைக் காட்டிப் பேசுவார் என்றும் சொன்னார்.

நான் வெர்லினைத் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது டிரக்கில், "ரெண்டு கம்பெனி ஒரே அறையில. எனக்கு மூச்சே முட்டிப்போச்சு" என்றார். அந்த வாரமே டெல்பர்ட்டிடம் கொண்டுபோய்க் கொடுத்து இலேசாக்கிக்கொண்டார். டெல்பர்ட் துப்பாக்கி பழுது பார்க்கிறவர், தீவனக் கடைக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கிறார், வெர்லினோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவரே தயங்கினாராம். "லார்னா என்ன சொல்றா?" என்று கேட்டாராம். அதையும் வெர்லின்தான் வந்து சொல்லிச் சிரித்தார்.

பனி உருகி முற்றம் சேறாகிக் கிடந்த சமயம். நான் வெளியே பறவைகளுக்குத் தானியம் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் வெடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் வெர்லின் சமையலறை மேசைக்கு முன்னால் நிற்கிறார், முகம் வெளுத்துப்போய். உறையிலிருந்து எடுத்து மேசைமேல் வைக்கப் போனாராம், விரல் பட்டதே தெரியவில்லையாம். குண்டு சுவரைத் துளைத்துக்கொண்டு என் தையல் அறைக்குள் போயிருந்தது. நான் எப்போதும் உட்காருகிற நாற்காலியின் முதுகில் நுழைந்து, தையல் இயந்திரத்தின் இரும்புக் கழுத்தில் பட்டு நின்றிருந்தது.

அவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "செத்திருப்ப லார்னா. என் கையாலயே உன்னக் கொன்னிருப்பேன்" என்று பின்வாசல் படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். நான் அவருக்குச் சூப் வைத்துக் கொடுத்தேன். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவையாக அதைச் சொல்லாமல் விட்டேன். இந்தத் தடவை அவர் வாயிலிருந்தே வரும் என்று காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கை ஆர்லீன் வீட்டில் சாப்பாடு. நீளமான மேசை, நிறையப் பேர். வெர்லின் கரண்டியைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு அந்தக் கதையைச் சொன்னார். நல்லாத்தான் சொன்னார். சுவருக்குப் பின்னால் தையல் இயந்திரம் கையைத் தூக்கிச் சரணடைந்ததாம். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் சொன்னார்:

"நான் ஒழுங்காத்தான் வச்சேன். லார்னா பின்னால வந்து என் முழங்கையில இடிச்சுட்டா. கம்பெனியே நேர்ல வந்து சுட்டுருச்சு, நான் என்ன பண்றது?"

ஆர்லீன் என்னைப் பார்த்து, "கொஞ்சம் பாத்து வரக் கூடாதா லார்னா? அவன் கையில துப்பாக்கிய வச்சுக்கிட்டு நிக்கிறப்ப?" என்றாள்.

நான் முற்றத்தில் இருந்தேன், ரீட்டர். கையில் தானியப் பை. வெர்லினைப் பார்த்தேன். அவர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் தடவினார்.

"உருளைக்கிழங்கு நல்லா வந்திருக்கு, ஆர்லீன்" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில், பாலத்தைத் தாண்டிய பிறகு அவராகவே பேசினார். "சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு, லார்னா."

"தெரியும்."

"கோவமா?"

"இல்ல. ட்ரிக்கர என்ன பண்ணப் போற?"

"பாத்துக்கறேன்."

துவைக்கும் இயந்திரத்துக்கும் இதே பதில்தான். புல்வெட்டிக்கும் இதே பதில்தான். சுவரில் விழுந்த ஓட்டைமேல் ஒரு மான் படத்தை மாட்டிவிட்டார். வருகிறவர்களிடம் படத்தைத் தூக்கிக் காட்டி, நான் இடித்த கதையைச் சொல்வார். நாலு தடவை கேட்ட பிறகு எனக்கே முழங்கை பட்ட மாதிரி இருந்தது.

அந்தக் கோடை முழுக்க நான் யோசித்தேன். கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். கோபம் வந்தால் என் தையல் கோணலாகப் போகும். வெர்லினுக்கு நான் தைத்த சட்டையின் தையலை நீங்களே பார்த்தீர்கள். உங்கள் அம்மா என்னிடம்தான் தையல் கற்றுக்கொண்டார். அவரிடம் காட்டினால் சொல்வார்.

யோசித்தது இதைத்தான். வெர்லினும் நானும் வருஷக்கணக்காக ஒரே வழக்கைப் பேசிக்கொண்டிருக்கிறோம், தீர்ப்புச் சொல்ல ஆளே இல்லை. வார்த்தையால் தீராததை ஒரு சோதனை தீர்க்கலாம். பிஸ்டலோடு வந்த புத்தகத்தை அவர் அடுப்பில் போடுவதற்கு முன்பே நான் படித்திருந்தேன். உறைக்குள் துப்பாக்கியைத் திருப்பி வைக்கும்போது சட்டை நுனி, கயிறு, முடிச்சு எதுவும் விசைப் பக்கம் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. வகுப்பிலும் அதையே சொன்னார்கள்.

இலையுதிர் காலத்தில் அவருக்குப் பிறந்தநாள் வரும், அதன் பின்னாலேயே எல்க் மான் வேட்டை. அதற்கென்று ஒரு கம்பளி மேல்சட்டை தைத்தேன். பச்சை, உள்ளே ஆட்டுரோமம். கீழ்ப்பக்கம் காற்று புகாமல் இருக்க இடுப்பைச் சுற்றிக் கயிறு, இரண்டு பக்கமும் நுனியில் கயிறு நழுவாமல் பிடிக்கப் பொத்தான் மாதிரி ஒரு சின்னத் திண்டு. எல்லாக் கடைச் சட்டையிலும் இருப்பதுதான். கடையில் அதைப் பிளாஸ்டிக்கில் வைப்பார்கள், நசுங்கிவிடும். நான் மான்கொம்புத் துண்டை அறுத்து, ஓட்டை போட்டு, தேய்த்து வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. வலது பக்கக் கயிற்றை எவ்வளவு நீளம் விடுவது என்பதுதான் கொஞ்சம் யோசனையாக இருந்தது. அவர் குளிக்கும்போது கழற்றி நாற்காலியில் போட்டிருந்த இடுப்புப் பட்டையில் உறையைப் பார்த்து அளவு எடுத்துக்கொண்டேன். துப்பாக்கியைத் தொடவில்லை. அதை நான் ஒருநாளும் தொட்டதில்லை.

நான் சொல்வதை நிதானமாகக் கேளுங்கள். அந்தச் சட்டையில் ஒரு கெடுதலும் இல்லை. கம்பெனி வைத்த விசையாக இருந்தால் திண்டு போய் மாட்டினாலும் அது நின்று கேட்டிருக்கும், கைக்குத் தட்டுப்பட்டிருக்கும், அவர் குனிந்து பார்த்து எடுத்துவிட்டிருப்பார். வெர்லின் என் பேச்சைக் கேட்டிருந்தால் அது வெறும் சட்டை. கேட்காமல் இருந்தால் மட்டும்தான் அது வேறு ஒன்று. அதை முடிவு செய்யும் உரிமையை நான் முழுக்க அவரிடமே விட்டிருந்தேன். இதைவிட நியாயமாக ஒருவர் நடந்துகொள்ள முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எச்சரிக்கையும் செய்தேன். பிறந்தநாள் அன்று சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் கண்ணாடிமுன் அப்படியும் இப்படியும் திரும்பியபோது, ஆர்லீன் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன்.

"கயித்த உள்ள சொருகிக்கோ வெர்லின். துப்பாக்கில போய் மாட்டும்."

"பாத்தியா ஆர்லீன், துணிக்குக்கூட எச்சரிக்கைப் புத்தகம் போட்டிருக்கா கம்பெனி" என்றார். பிறகு என் நெற்றியில் முத்தம் கொடுத்தார். "ஆனா சட்டை ராஜா மாதிரி இருக்குடி." அதன்பிறகு அதைக் கழற்றவே இல்லை. பெட்ரோல் போடப் போனாலும் அதுதான், தேவாலயத்துக்கும் அதுதான். ஒவ்வொரு தடவையும் அவர் வெளியே கிளம்பும்போது நான் அடுப்படியிலேயே இருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை காலை பிஸ்கட் மாவு பிசைந்து அடுப்பில் வைத்துவிட்டு, பன்றி இறைச்சிக் கொழுப்பில் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தேன். வெர்லின் பின்கட்டில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். டெல்பர்ட்டோடு விறகு ஏற்றிவரப் போவதாகத் திட்டம். பிறகு சத்தம் கேட்டது. முன்பு கேட்டது போலவேதான், கொஞ்சம் அமுங்கினாற்போல.

போய்ப் பார்த்தேன். பெஞ்சுக்கும் கதவுக்கும் நடுவில் சரிந்து கிடந்தார். தொடையின் உள்பக்கம். இரத்தம் அவ்வளவு வேகமாகப் பெருகும் என்று நான் நினைக்கவில்லை. திண்டு இன்னும் உறைக்குள்தான் இருந்தது.

"கயிறு மாட்டிக்கிச்சு லார்னா" என்றார்.

"தெரியும்" என்றேன்.

திரும்பிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன், குழம்பு அடிப்பிடிக்க ஆரம்பித்திருந்தது. பிறகு தரையில் உட்கார்ந்து அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் கை சில்லிட்டிருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டு ஏதோ சொல்லப் பிரயத்தனப்பட்டார்.

"மாத்திட்டேன், லார்னா."

"பேசாத."

"இல்ல. மாத்திட்டேன். நீ சொன்ன மாதிரியே…"

அதற்குமேல் அவரால் முடியவில்லை. எனக்கு அப்போது எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, சிரிக்காமல், யாருக்கும் கதை சொல்லாமல், நீ சொன்ன மாதிரியே ஆகிவிட்டது என்று ஒத்துக்கொண்டார். அந்த வார்த்தை வந்த நொடியில் என் மனதில் இருந்ததெல்லாம் கரைந்து போய்விட்டது. அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தலைமுடியைக் கோதிக்கொடுத்தேன். "சரி விடு" என்றேன்.

எவ்வளவு நேரம் கழித்து ஆம்புலன்சுக்குப் பேசினேன் என்று அன்றைக்கு நீங்கள் கேட்டீர்கள். உடனே என்று சொன்னேன். அது சரியில்லை. டெலிஃபோன் சமையலறைச் சுவரில் இருந்தது, நான் பின்கட்டில் அவரோடு இருந்தேன். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. அந்த வகுப்பில் இரத்தம் நிற்கத் தொடையில் இறுக்கிக் கட்டுவதும் சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்பிலேயே நான்தான் அதை ஒழுங்காகச் செய்தேன், எல்லாருக்கும் முன்னால் என்னைத்தான் செய்து காட்டச் சொன்னார்கள். கட்டுவதற்கு இடுப்புப் பட்டை கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அதற்கு அவர் தலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். அப்படி ஒரு வார்த்தை சொன்ன மனிதரின் தலையைத் தரையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் கை தளர்ந்த பிறகு எழுந்துபோய்ப் பேசினேன்.

சவ அடக்கம் முடிந்து சில நாள் கழித்து டெல்பர்ட் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டு ஆப்பிள் பை ஒரு துண்டு வெட்டி வைத்தேன். தொடவே இல்லை.

"லார்னா, ஊருல எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்குறாங்க. நான்தான் அந்த ட்ரிக்கர லேசாக்கினேன், அதான் போயிட்டான்னு. உங்கிட்டயாவது சொல்லிடணும். அவன் கோடையிலயே எங்கிட்ட வந்தான். பழசையே திருப்பிப் போடுன்னு சொன்னான்."

"யாரு?"

"வெர்லின்தான். அந்தக் குண்டு உன் நாற்காலியில போனதுக்கப்புறம் அவனுக்குத் தூக்கமே இல்லையாம். கம்பெனிகாரன் குடுத்ததை அப்படியே மாட்டிக் குடுத்தேன். 'லார்னாகிட்ட நீ சொல்லாத, நானே சொல்றேன். இத்தன வருஷம் சிரிச்சுட்டு இப்பப் போய் நீ சொன்னதுதான் சரின்னு எப்படிடா ஆரம்பிக்கிறது'ன்னு கேட்டான். முழங்கை விஷயத்தையும் ஆர்லீன் முன்னாடி சொல்லிடணும்னு சொல்லிக்கிட்டே இருந்தான். கல்யாண நாளுக்கு எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லலாம்னு இருந்தான் லார்னா."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் இரண்டு இரும்புத் துண்டுகளும். கழற்றி எடுத்தது இதுதான் என்றார். டெல்பர்ட்டின் கண் கலங்கியிருந்தது. நான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். பழி தன்மேல் வராமல் இருக்க ஒரு மனிதர் என்னவெல்லாம் ஜோடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். டப்பாவில் யார் வேண்டுமானாலும் ஒரு ஸ்பிரிங்கைப் போடலாம். அவர் தொடாத பலகாரத்தை ஒரு தாளில் சுற்றி அவர் கையில் கொடுத்தனுப்பினேன்.

டெல்பர்ட் சொன்னதோடு போயிருந்தால் நான் இங்கே வந்திருக்கமாட்டேன். ஆனால் நேற்று நீங்களே கூப்பிட்டீர்கள். விசாரணை முடிந்துவிட்டது, விபத்து என்று எழுதி முடித்துவிட்டோம், பிஸ்டலைச் சோதித்துப் பார்த்ததில் விசை கம்பெனி வைத்தபடியே, கனம் கொஞ்சமும் குறையாமல் இருக்கிறது, கயிறு முழு வேகத்தில் இழுபட்டதால் வெடித்திருக்கிறது, டெல்பர்ட்மேல் ஒரு தவறும் இல்லை என்றீர்கள். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னீர்கள். உங்கள் குரலிலேயே தெரிந்தது.

இரவு முழுக்க என்ன செய்வதென்று யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். போனை வைத்ததும் கோட்டை மாட்டிக்கொண்டேன். நேரமாகிவிட்டதே, அலுவலகம் மூடியிருப்பீர்கள் என்றுதான் காலை வரை பொறுத்தேன்.

நான் புத்தகத்தைப் பற்றிச் சொன்னபோது நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். கயிறு புகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்ன அந்தப் புத்தகம் யாரும் கை வைக்காத துப்பாக்கிக்காக எழுதப்பட்டதுதானே, கம்பெனி விசையிலும் இது நடக்கும் என்றுதானே அதற்கு அர்த்தம் என்று. நல்ல கேள்வி. அதற்கு என் பதில் இது: கம்பெனிக்காரர்கள் உலகத்தில் இருக்கிற அத்தனை முட்டாளுக்கும் சேர்த்துத்தான் எழுதுவார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் முகம் ஏன் இப்படி ஆகிவிட்டது என்று தெரியவில்லை. தண்ணீர் வேண்டுமானால் குடியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

கையெழுத்துப் போடுவதில் எனக்கு ஒரு தயக்கமும் கிடையாது. கயிற்றை அளந்து விட்டேன், போட்டுக்கொள்ளுங்கள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், உடனே உதவிக்குக் கூப்பிடவில்லை, அதையும் போட்டுக்கொள்ளுங்கள். கொலை என்று எழுத வேண்டுமானால் எழுதுங்கள். சட்டத்தில் அதற்கு வேறு வார்த்தை இருந்தால் அதை எழுதுங்கள், வக்கீலை வைத்து மறுக்கப் போவதில்லை. ஆர்லீனிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஒரு வரியைத்தான் திருத்தச் சொல்கிறேன். அந்தப் பிஸ்டலை இன்னொரு தடவை சோதிக்கச் சொல்லுங்கள், வேறு ஊர் ஆளை வைத்து, விவரம் தெரிந்தவராக. விசை மாற்றப்பட்டிருந்தது என்று எழுதுங்கள். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம். வெர்லின் என் பேச்சைக் கேட்டார் என்று மட்டும் எழுதாதீர்கள். அவரோடு அத்தனை வருஷம் வாழ்ந்தவள் நான். அப்படி ஒன்று நடந்திருந்தால் எனக்குத் தெரியாமலா போயிருக்கும்.